கரியாலூர்

கரியாலூர், கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையின்மீது, வட்டத் தலைமையிடமாகிய வெள்ளிமலைக்கு அருகே அமைந்த சிற்றூர். படகுக் குளமும் சிறுவர் பூங்காவும் சுற்றுப்புறத்து அருவிகளும் கொண்டு, சமவெளி மக்கள் காலையில் ஏறி மாலையில் இறங்கும் உல்லாசப் பிரயாண ஸ்தலமாக அண்மைக் காலத்தில் பெயர் பெற்றது. மலைவாசஸ்தலம் என்றதும் உதகையையும் ஏற்காட்டையும் நினைப்பவர்கள் துரைமார் பங்களாக்களையும் பழைய மாதாகோயில்களையும் இங்கே தேடினால் ஏமாற்றமே அடைவர். அவை ஏன் இங்கே தோன்றவில்லை என்பதே இவ்வூர்ச் சரித்திரத்தின் செம்பாதி.

கல்ராயன் என்றும் வழங்கும் இம்மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. சேலம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பெரும்பகுதி அமைந்தது. வடபகுதி சின்னக் கல்வராயன், தென்பகுதி பெரிய கல்வராயன். முன்னதன் உயரம் சுமார் 2,700 அடி, பின்னதன் உயரம் சுமார் 4,000 அடி.

இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். கேரள நாட்டினரோடு இப்பெயருக்குச் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே பொருள். தாய்மொழி தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் சகோதரர் மூவர் ஆளுக்கொரு மலையில் குடியேறினர் என்பதும், அவர்கள் வழிவந்தவர்களே தாங்கள் என்பதும் இவர்களுடைய ஐதீகம். எந்த அண்ணன் எந்த மலைக்குச் சென்றான் என்பதில் மட்டும் மலைக்கு மலை கதை மாறும். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் இவர்களின் தொகை மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்டது. மாநிலத்துப் பழங்குடிகளுள் இவர்களே எண்ணிக்கையில் முதல்வர்.

1820-களில் ஜான் சல்லிவன் உதகையில் வீடு கட்டி ஏரி வெட்டியதும், சேலத்துக் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தியதும், அவ்விரு மலைகளுக்கும் பாதையும் பங்களாவும் கோடைக் கூட்டமும் வந்து சேர்ந்ததும் யாவரும் அறிந்தவை. கல்வராயன் மலைக்கு அந்த அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ வாய்க்கவில்லை. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார்களின் வசத்தில் இம்மலை இருந்தது. விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் அளித்த மானியம் இது என்பது பரம்பரைச் செய்தி. கீழே சமவெளியில் கம்பெனி போய் ராணியின் ஆட்சி வந்து, அதுவும் போய்ச் சுதந்திரம் வந்து, ஜமீன்கள் ஒழிந்து, பொதுத் தேர்தல்கள் பலமுறை நடந்து முடிந்த பின்னரும், மலைமேல் குடியானவன் ஜாகீர்தாருக்கே வரி செலுத்தியும் கூலியில்லா வேலை செய்தும் வந்தான் என்பது இன்று கேட்பவர்க்கு நம்புதற்கரியதாகத் தோன்றலாம். 1976-லேதான் அரசு இம்மலையை முற்றிலும் தன் நிர்வாகத்தில் கொண்டது. உதகையில் ரயில் ஏறி முக்கால் நூற்றாண்டு நெருங்கிய காலம் அது.

ஆகவே கரியாலூரின் சுற்றுலாச் சரித்திரம் நீண்டதன்று. ஜாகீர் ஒழிந்தபின் சாலை வந்தது. சாலையைத் தொடர்ந்து பள்ளியும் காவல் நிலையமும் வனத்துறையின் விடுதியும் வந்தன. குளத்தில் மிதிபடகுகள் மிதக்கத் தொடங்கின. மாவட்ட நிர்வாகம் நடத்தும் கோடை விழாவில் மலைமக்களின் ஆட்டமும் பாட்டும் அரசுத் துறைகளின் கண்காட்சிகளும் ஒரே பந்தல் வரிசையில் இடம்பெறும். 2019 நவம்பர் 26-ஆம் நாள் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பின்பு, தனக்கென இருக்கும் மலை என்ற அபிமானத்தோடு அம்மாவட்டம் இவ்விழாவைப் பேணி வருகிறது.

காணத்தக்கவற்றுள் முதன்மையானது நீரே. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வருபவரை அடிவாரத்தில் எதிர்கொள்வது கோமுகி அணை. 1960-களில் கட்டப்பட்ட இதன் முழு நீர்மட்டம் 46 அடி. மலைப்பாதையின் ஓரத்திலேயே வீழும் பெரியார் அருவி, வாகனத்தை விட்டு இறங்கியதும் குளிக்கக் கிடைப்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனத்திரளால் நிரம்பும். மேகம் அருவிக்கோ காட்டுவழியே கால்நடையாகச் செல்லவேண்டும். அழகில் அதுவே உயர்ந்தது என்பது இக்கட்டுரையாளன் அபிப்பிராயம், எனினும் பாறை வழுக்கும் என்பதை மறைப்பதற்கில்லை. வெள்ளம் பெருகும் நாட்களில் வனத்துறையினர் தடை விதிப்பதுண்டு. அதனோடு வாதாடுவதில் பயனில்லை. மலையின் சேலத்துப் பக்கத்தில், ஆத்தூரை அடுத்து, ஆனைவாரி முட்டல் அருவியும் ஏரியும் உள்ளன.

அருவி பார்க்கப் பட்டணத்தார் காட்டுக்குப் போவது உலகெங்கும் உள்ள வழக்கம். பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனீரோவுக்குச் செல்பவர் கடற்கரையையும், 1931-ல் முடிவுற்ற ஏசு சிலையையும் கண்டபின், நகருக்குள்ளேயே உள்ள டிஜூகா வனத்தில் அருவி தேடி நடப்பர். அவ்வனம் இயற்கையாக எஞ்சியதன்று. காப்பித் தோட்டங்களுக்காக மரங்களை வெட்டிச் சாய்த்ததால் நகரத்துக் குடிநீர் வற்றவே, 1861-ல் இரண்டாம் பெட்ரோ சக்கரவர்த்தி ஆணையிட, அடிமைகளின் உழைப்பால் மீண்டும் நட்டு வளர்க்கப்பட்டது. நம் மலைக்குத் திரும்பினால், இங்கிருந்து இறங்கும் கோமுகியாறு மணிமுத்தாற்றோடு கூடி வெள்ளாற்றை அடைவது. கீழே வயலுக்குப் பாயும் நீர் மேலே காட்டின் நிழலில் ஊறியது என்பதை அறிய ரியோ வரை போகவேண்டியதில்லை.

நீருக்கு அடுத்துக் காணவேண்டியது கடுக்காய். பனிக்காலம் தொடங்கி மாசி வரை, மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் காய்களைப் பெண்கள் பொறுக்கிக் கூடையில் சேர்த்து, பாறையிலும் தார்ச்சாலை ஓரத்திலும் பரப்பி உலர்த்துவர். பச்சையாக இருக்கையில் வழவழப்பான அக்காய், நாள்பட உலர்ந்து, நீளவாட்டில் வரிகள் எழும்பி, உள்ளே கொட்டை உருளும் ஓசை கேட்கும் பதத்தை அடையும். அதன் பின்னர் உடைத்துக் கொட்டையை நீக்கித் தோலை மட்டும் மூட்டை கட்டுவர். ஒரு பங்கு தோல் பதனிடும் தொழிலுக்கும் மற்றொரு பங்கு நாட்டுமருந்துக் கடைக்கும் போகும். கடித்துப் பார்ப்பவர்க்கு முதலில் துவர்ப்பு. பிறகு தண்ணீர் குடித்தால் இனிக்கும். சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை பழைய பயிர்கள். மரவள்ளி பிற்காலத்தில் பரவியது. ஜவ்வரிசி ஆலைகளை நோக்கிக் கிழங்கு ஏற்றி இறங்கும் லாரிகளுக்கு வளைவுகளில் ஒதுங்கி நிற்பதும் இம்மலைப் பிரயாணத்தின் ஓர் அங்கமே.

சாலை கரியாலூருக்கு வந்தது. எல்லாக் குக்கிராமங்களுக்கும் வரவில்லை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபின், சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையை வழக்காக எடுத்து, சாலை, மருத்துவம் முதலிய வசதிகளைப் பற்றி அரசை வினவியது. படகுக் குளத்தின் கரையிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு மலைவாழ்வின் இந்தப் பக்கம் தென்படாது.

மழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் வருவோர் அருவியில் நீரையும், மாசியில் வருவோர் சாலையோரத்தில் கடுக்காயையும் காண்பர். இரண்டையும் ஒருங்கே காண விரும்புவோர் மார்கழியில் வருக. கம்பளி ஒன்று கைவசம் இருக்கட்டும்.