முதல் காலம், இரண்டாம் காலம்

திருவொற்றியூர் என்றதும் சிலருக்கு வடிவுடையம்மன் நினைவுக்கு வருவாள், பலருக்கு என்ஃபீல்டு தொழிற்சாலையின் புல்லட். வீணையை நினைப்பவர் அரிது. ஆனால் வீணையோ வயலினோ கற்கும் பிள்ளைகள் சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் எல்லாம் கடந்து வர்ணத்துக்கு வந்ததும், அவர்களில் பலரும் இந்த ஊர்க்காரர் ஒருவரிடம்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ‘கருணிம்ப’ என்று தொடங்கும் சஹானா வர்ணம் திருவொற்றியூர் தியாகய்யர் செய்தது.

அவருடைய தந்தை வீணை குப்பையர், 1798இல் பிறந்தவர். தியாகராஜரின் நேர்ச் சீடர். வாய்ப்பாட்டு, வீணை, வயலின் மூன்றும் கைவந்தவர். ஃபிடில் பொன்னுசாமி அவரிடம் பயின்றவர்தான். 1839 வாக்கில், எழுபதைத் தாண்டிய தியாகராஜர் சென்னைப் பக்கம் வந்தார். அப்போது ஒற்றியூர் அம்மன் மீது ஐந்து கீர்த்தனைகள் பாடினார். திருவொற்றியூர் பஞ்சரத்னம் என்று இன்றும் பாடுகிறார்கள். குரு கீர்த்தனையில் கொடி நாட்டினார் என்றால், சீடரின் வீடு வர்ணத்தைப் பிடித்துக்கொண்டது.

சாதகம் என்றால் மணிக்கணக்கில் வாசிப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எத்தனை மணி என்பதைவிட எதை, எந்த வேகத்தில் என்பதுதான் கேள்வி. அதற்கான பதிலாகவே வர்ணம் அமைந்திருக்கிறது. சாகித்யம் கொஞ்சம், ஸ்வரம் அதிகம். பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம், சரணம், எத்துகடை ஸ்வரங்கள். இதை முதல் காலத்தில் வாசிக்கும்போது ஒவ்வொரு கமகத்துக்கும் இடம் இருக்கிறது, ஒளிய வழியில்லை. அதையே, தாளம் அசையாமல், இரண்டாம் காலத்தில் இரட்டிப்பு வேகத்தில் எடுத்தால் விரல் தடுமாறும் இடம் தானாகவே காட்டிக்கொடுத்துவிடும். மறுபடி முதல் காலத்துக்குப் போய் அந்த இடத்தைச் சரிசெய்ய வேண்டும். நோயைக் கண்டுபிடிப்பதும் மருந்து கொடுப்பதும் ஒரே உருப்படி.

ஒற்றியூர்க்காரர்கள் இதில் இன்னொரு முடிச்சும் போட்டார்கள். சரளி வரிசை மாயாமாளவகௌளையில் நேராக ஏறி நேராக இறங்கும். கையும் அப்படியே பழகிவிடும். குப்பையரின் பேகடா வர்ணம் ‘இந்த சலமு’, நாராயணகௌளை வர்ணம் ‘மகுவ நின்னே’, மகனின் சஹானா, எல்லாமே வக்கிர ராகங்கள். ஒரு ஸ்வரம் முன்னே போய், ஒன்று பின்னே வந்து, பிறகுதான் மேலே ஏறலாம். வீணையின் 24 மெட்டுகளில் கண்ணை மூடிக்கொண்டு ஓடும் விரலுக்கு இங்கே வேலை இல்லை. ‘மகுவ நின்னே’ போதாக்குறைக்கு அட தாளம். ஓர் ஆவர்த்தனத்துக்கு 14 அட்சரம்.

வயலின் என்று வந்தால் பக்கத்து ஊரான மணலியையும் சொல்லாமல் விடக் கூடாது. இன்று அங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் மணலி முதலியார் குடும்பம் முத்துசாமி தீட்சிதரின் தந்தை ராமசாமி தீட்சிதரை ஆதரித்து வைத்திருந்தது. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி, ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்க அந்த வீடுதான் ஏற்பாடு செய்தது. நின்றுகொண்டு வாசித்த கருவி இங்கே சம்மணமிட்டு உட்கார்ந்தது. அதன் தலை வலது கணுக்காலருகே ஊன்றிக்கொண்டதால், கருவியைத் தாங்கும் பாரம் இடக்கையை விட்டுப் போயிற்று. ஜாருவும் கமகமும் தாராளமாக வந்தன. நம்மவர்கள் வயலினை வாங்கினார்கள், அதன் ஆசனத்தை வாங்கவில்லை. என் கணக்கில் கர்நாடக இசையின் மிகப் புத்திசாலித்தனமான திருத்தம் இதுதான்.

ஒற்றியூர்க்காரர்களின் வர்ணப் பாடங்கள் அவர்கள் வீட்டுக்குள்ளேயே முடிந்துபோயிருக்கலாம். வித்வான்கள் பலர் உருப்படிகளைப் பெட்டிக்குள் பூட்டி வைத்த காலம் அது. தியாகய்யர் 1900இல் ‘பல்லவி ஸ்வரகல்பவல்லி’ என்ற நூலை அச்சிட்டு, தந்தையின் உருப்படிகளையும் தம்முடையதையும் ஸ்வரக் குறிப்போடு வெளியே கொடுத்துவிட்டார். குருவின் வாயைக் கேட்காமல் புத்தகத்தைப் பார்த்தே வாசிக்கிற கெட்ட பழக்கத்துக்கும் இத்தகைய நூல்கள் வழிவிட்டன என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. சஹானாவின் காந்தாரம் எப்படி அசைய வேண்டும் என்று எந்த அச்சும் சொல்லாது என்பது உண்மைதான். ஆனால் அந்த அச்சு இல்லாமல் தர்பாரில் ‘சலமேல’, சாரங்காவில் ‘இந்த மோடி’ ஆகியவை இவ்வளவு வீடுகளுக்குப் போயிருக்குமா என்பது சந்தேகம்.

தியாகய்யர் 1917இல் மறைந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளை அவருடைய சஹானாவை இன்று இருபதாவது தடவையாக, அதே இடத்தில் தடுக்கி, மறுபடி முதல் காலத்திலிருந்து தொடங்கினால் ஜன்னலைச் சாத்திவிடாதீர்கள். பிள்ளை சரியாகத்தான் சாதகம் செய்கிறது.