லாபி சர்ச்சை (கபடி)

கபடி ஆடுகளத்தின் இரு பக்கவாட்டிலும் 1 மீட்டர் அகலத்தில் ஓடும் பட்டை லாபி. பாடிப் போனவர் எதிரணியில் ஒருவரையாவது தொட்ட பிறகே அது ஆடுகளத்தோடு சேரும். தொடாமல் அதில் கால் வைத்தால் ஆட்டமிழப்பார். அவரைத் துரத்திப் போன பிடிப்பாளர்களின் கதி என்ன என்பதில்தான் சண்டை. பழைய விதிப்படி அவர்களும் அவுட். புரோ கபடி லீக் வழியே வந்த மாற்றப்படி பாடியவர் மட்டுமே அவுட்.

2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆடவர் கபடி இறுதி ஆட்டத்தில் இந்தச் சண்டை வெடித்தது. இந்தியாவும் ஈரானும் 28-28. ஏறத்தாழ ஒரு நிமிடம் பாக்கி. புள்ளி எடுத்தே ஆக வேண்டிய பாட்டுக்குப் போன இந்தியாவின் பவன் செராவத் யாரையும் தொடாமல் லாபிக்குள் போனார். ஈரானியர் பின்னாலேயே பாய்ந்தனர். நடுவர்கள் ஒரு தீர்ப்புச் சொல்லி மாற்றினர், மறுபடியும் மாற்றினர். இரு அணியும் மாறி மாறி முரண்டு பிடிக்க, ஆட்டம் சுமார் ஒரு மணி நேரம் நின்றது. கடைசியில் இந்தியாவுக்கு 4 புள்ளி, ஈரானுக்கு 1. எஞ்சிய நேரமும் ஆடி முடித்தபின் முடிவு 33-29, தங்கம் இந்தியாவுக்கு. எந்த விதிப்படி ஆடுகிறோம் என்பதே இறுதி ஆட்டத்தில் தெளிவில்லாமல் போனதுதான் பெரிய கோளாறு. நடுவரை மட்டும் திட்டிப் பயனில்லை.

பெரிய அரங்கிலேயே இந்த நிலை என்றால், ராமநாதபுரம் கடலோர ஊர்களின் திருவிழாக் கபடியில் திரும்பப் பார்க்கக் காணொளியும் பெரும்பாலும் கிடையாது. கோட்டை மிதித்தாரா, தொட்டாரா என்ற வழக்கு நடுவர் விசிலோடு முடிய வேண்டும். பல நேரம் முடிவதில்லை.