மசக்கை வேஷத்தில் வரும் எமன்!

கர்ப்பிணிக்கு வாந்தி, வயிற்றுவலி என்றால் நம் வீடுகளில் உடனே தீர்ப்பு ரெடி: 'மசக்கைதான்டி, சீரகத் தண்ணி குடி!' பெரும்பாலும் அது சரிதான். ஆனால், குடல்வால் அழற்சியும் இதே வேஷத்தில்தான் வரும்! போதாததற்கு, வளரும் கருப்பை குடல்வாலை மேலே தள்ளிவிட, வலி சில சமயம் வேறு இடத்தில் நின்று போக்குக் காட்டலாம். அதற்குள் குடல்வால் வெடித்துவிட்டால், சிசுவுக்கும் ஆபத்து.

இதில் ஆளைக் கொல்வது தாமதம்தான் என்று 1908-லேயே எழுதிவிட்டார் அமெரிக்க டாக்டர் பாப்ளர். அதற்கு முந்தைய வருடம்தான் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்திருந்தார் புதுக்கோட்டைப் பெண் முத்துலட்சுமி. 1912-ல் டாக்டரானார். ஆண் டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதா என்று குடும்பங்கள் தயங்கிய காலம் அது... தாமதத்துக்குக் கேட்கவா வேண்டும்?

குடல் நோய் செய்யும் ஆள்மாறாட்டத்தை அவர் சொந்தக் குடும்பத்திலேயே பார்த்தார். தங்கைக்கு வந்திருப்பது சீதபேதி என்றுதான் முதலில் நினைத்தார்கள். வந்திருந்ததோ மலக்குடல் புற்றுநோய்! 1923-ல் தங்கை போய்விட்டார். 1954-ல் அடையாறில் முத்துலட்சுமி ரெட்டி புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியதன் பின்னணி இதுதான்.

இன்று கர்ப்பிணிக்குச் சந்தேகம் என்றால் முதலில் ஸ்கேன். குடல்வால்தான் என்று உறுதியானால், எத்தனையாவது மாதமாக இருந்தாலும் சரி... பிரசவம் வரை காத்திருக்காமல் ஆபரேஷன்!