சைமன் சுந்தரராஜின் இரண்டாம் ஓட்டம்



இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் கடைசியாக ஆடியது 1960இல், ரோம் நகரில். பயிற்சியாளர் ஐதராபாத்தின் ரஹீம், அணித்தலைவர் பி.கே. பானர்ஜி. தமிழ்நாட்டின் சைமன் சுந்தரராஜும் அவ்வணியில் இருந்தார். ஹங்கேரியிடம் 1–2 எனத் தோல்வி, பிரான்சுடன் 1–1 எனச் சமநிலை, பெருவிடம் 1–3 எனத் தோல்வி. முதற்சுற்றோடு ஊர் திரும்பினார்கள். விளையாட்டு வீரனின் வரலாற்றை இவ்விடத்தில் முடித்துவிடுவது உலக வழக்கம். அஃது அவசரத் தீர்ப்பு.

சைமன் பின்னர் பயிற்சியாளரானார். 1973இல் கேரள அணி அவர் பொறுப்பில் இருந்தது. சந்தோஷ் கோப்பைப் போட்டி 1941இல் தொடங்கியது. கேரளம் அதுவரை ஒருமுறையும் வென்றதில்லை. அவ்வாண்டு டிசம்பர் 27 அன்று, எர்ணாகுளத்தில், ரயில்வே அணியை 3–2 என வென்றது. மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் மணி. ஆகவே புகழும் பெரும்பாலும் மணிக்கே சென்றது, அது நியாயமே. பயிற்றுவித்தவரோ கோட்டுக்கு வெளியே நின்றார், பந்தைத் தொடவில்லை. வடக்குப்பட்டிலிருந்து ஒரகடம் ஆலைகளுக்கு ஷிஃப்ட் செல்லும் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை; வண்டியின் முகப்பில் இருப்பது அதைப் பூட்டியவர் பெயர் அன்று.

அதன்பின் 2022க்குள் கேரளம் அக்கோப்பையை மேலும் ஆறுமுறை வென்றது.