ஆயா தைத்த போர்வையும் செஞ்சிக் கோட்டையும்

செஞ்சி என்று ஊர்ப் பெயர் சொன்னதுமே கல்லூரியில் எல்லோரும் கேட்பது, "தேசிங்கு ராஜா ஊரா?" என்றுதான். அதே ஊர்தான். ஆனால் தேசிங்கைப் பற்றி ஏற்கெனவே நிறைய பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது போர்வையைப் பற்றி. சிரிக்காமல் படியுங்கள் :)

எங்கள் ஆயா (அப்பாவின் அம்மா) வருஷத்துக்கு இரண்டு மூன்று போர்வை தைப்பார். கடைப் போர்வை இல்லை. கிழிந்த நூல் புடவைகளை நாலைந்து அடுக்காக விரித்து, மேலே நல்ல துண்டுகளை ஒட்டுப் போட்டு, கோணி ஊசியால் ஓரத்தில் ஆரம்பித்து உள்பக்கமாகச் சுற்றிச் சுற்றி நூலோட்டிக்கொண்டே வருவது. பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது துணி சேரும். மாசியில் மேல்மலையனூர் மயானக்கொள்ளைக்குப் போய்விட்டு வந்த பிறகுதான் ஊசி எடுப்பார். சித்திரை வெயிலில் வேப்பமர நிழலில் பாதி முடியும். மல்லாட்டை வேலை வந்தால் மூட்டை கட்டி வைத்துவிடுவார். ஐப்பசி மழையில் திரும்ப எடுத்தால் மார்கழிக் குளிருக்கு முன்னால் முடிந்துவிடும். ஒவ்வொரு போர்வைக்கும் ஒரு காரணம் இருக்கும். அத்தைக்குப் பிரசவம் என்றால் ஒன்று, புதுச்சேரிக்குப் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும்போது பையில் ஒன்று. தாத்தா இறந்த வருஷம் அவருடைய வேட்டிகளை மட்டும் வைத்து ஒன்று தைத்தார். அதை யாருக்கும் கொடுக்கவில்லை.

நான் விடுதிக்குக் கிளம்பியபோது எனக்கும் ஒன்று தந்தார். அறையில் மற்றவர்கள் கேலி செய்வார்களே என்று வெட்கப்பட்டு, அதை மடித்து அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டு, கடையில் ஒரு கம்பளி வாங்கினேன். அடுத்த வருஷம் அறை மாறியபோது பார்த்தால் போர்வையைக் காணோம். ஆயாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே அந்த உறுத்தலில்தான்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். 1608-ல் செஞ்சி நாயக்கரிடம் அனுமதி வாங்கி, கடலூர் பக்கத்தில் இருக்கிற தேவனாம்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் வியாபாரத்துக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது துணி. இந்தோனேசியத் தீவுகளில் கிராம்பு, ஜாதிக்காய் வாங்கக் கொண்டுபோன காசு என்பதே பெரும்பாலும் நம் கரையோரத்துத் துணிதான். அதாவது நம் நெசவாளியின் புடவைத் துண்டு அங்கே பணமாகச் செல்லுபடியானது.

அடுத்து 1690. சிவாஜி 1677-ல் பிடித்த கோட்டையில் அவர் மகன் ராஜாராம் இருக்கிறார். சுல்பிகர் கான் தலைமையில் மொகலாயப் படை வந்து முற்றுகையைத் தொடங்குவதும் இதே வருஷம்தான். 1698-ல் கோட்டை விழும்வரை அது விட்டுவிட்டு நடந்தது. இதற்கு நடுவே தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. எல்லை எது என்பதற்கு வைத்த நிபந்தனை வேடிக்கையானது: பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு தூரம் கம்பெனிக்கு! சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து சுட்டார்கள். அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். புனித டேவிட் கோட்டை பிறந்த கதை இது. செஞ்சி மலையில் முடிவான பேரத்தில் கடலோரத்து நெசவுக்காரர்கள் ஒரே நாளில் வேறு ஆட்சிக்குள் போனார்கள். அவர்களை யாராவது கேட்டிருப்பார்களா என்ன?

அந்தக் காலத்துத் துணியில் ஐரோப்பியரை மயக்கியது சீட்டி. படிகாரத்தைக் கலத்தால் தொட்டு எழுதி, சாயவேரில் காய்ச்சினால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடித்துக்கொள்ளும். எத்தனை துவைத்தாலும் போகாது. ஐரோப்பாவில் அப்போது பருத்தியில் இப்படி ஏற்றத் தெரியாது. 1734 வாக்கில் புதுச்சேரியில் பொலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, சாயமிடும் வேலையை உட்கார்ந்து பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டு வெட்டி எடுத்து, குறிப்போடு அனுப்பினார். அந்தத் துண்டுகள் இன்றும் பாரிஸில் இருக்கின்றன. நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்த ரகசியம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கப்பல் ஏறியது என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. (அந்த நோட்டு இல்லாவிட்டால் இன்று நமக்கும் இவ்வளவு விவரம் தெரியாது என்பதும் உண்மை.)

இதில் போர்வை எங்கே வருகிறது? 1643-லேயே கம்பெனியின் லண்டன் முதலாளிகள் சூரத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள்: நீங்கள் அனுப்பும் தைத்த போர்வைகளில் சிவப்புத் தளம் அதிகம், எல்லோருக்கும் பிடிக்கவில்லை, வெள்ளைத் தளத்தில் பூ வரட்டும் என்று. மோகம் ஏறிப்போய் உள்ளூர்த் துணி உற்பத்தியாளர்கள் அங்கே எதிர்ப்புக் காட்டியதில் பிரான்ஸ் 1686-ல் சீட்டியைத் தடை செய்தது. இங்கிலாந்து 1701-ல் இறக்குமதியைத் தடுத்தது, பிறகு 1721 சட்டத்தில் உடுத்துவதையே தடுத்தது. தடை போட்டால் ஆசை போய்விடுமா? இங்கிலாந்தின் வடக்கே லெவன்ஸ் ஹால் என்ற மாளிகையில் 1708 வாக்கில் தைத்த ஒட்டுப் போர்வை ஒன்று இருக்கிறது. அந்நாட்டில் எஞ்சியிருக்கும் ஒட்டுத் துணிகளில் மிகப் பழையது என்று சொல்லப்படுவது அதுதான். சின்னச் சின்னதாக வெட்டி ஒட்டியிருக்கும் அந்தத் துண்டுகள் இந்தியச் சீட்டி. புதுச் சரக்கு கிடைக்காத காலத்தில் கையிலிருந்த துண்டைக்கூட வீணாக்க மனம் வந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டுப் பெண்கள் தைத்தது என்பது அந்தக் குடும்பத்தில் வழங்கிவரும் செய்தி. அவர்கள் யார் மகள் என்றுகூடச் சொல்கிறார்கள். துணியில் பூ எழுதியவர் யார், எந்த ஊர் என்பது எங்கும் இல்லை.

ஆயாவிடம் இதையெல்லாம் சொன்னேன். வெள்ளைக்காரப் பெண்களும் கிழிசல் துணியை ஒட்டுப் போட்டார்கள் என்றதும் அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"எந்த ஊரா இருந்தா என்னா கண்ணு, அங்கயும் குளுரும் இல்ல?" என்றார்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்ததில் எங்கள் செஞ்சியும் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இருப்பது இது மட்டும்தான். ஊரில் ஒரே சந்தோஷம். ராஜகிரிக்குக் கூட்டம் வருகிறது. கல்யாண மகாலும் களஞ்சியமும் கல், சுண்ணாம்பு என்பதால் நின்றுவிட்டன. அந்த மண்டபங்களில் விரித்த துணி, குதிரைக்காரன் மார்கழியில் போர்த்திக்கொண்டது, எதுவும் இல்லை. துணி மக்கிப் போகும். ஆயாவின் பழைய போர்வைகளும் கடைசியில் மாட்டுத் தொழுவத்தில்தான் முடிந்தன.

ஆயாவுக்கு இப்போது ஒரு கண்ணில் புரை. அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியிருக்கிறோம். ஆனாலும் அக்காவுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்குத் தைக்க ஆரம்பித்துவிட்டார். தைக்கக் கை பழகியிருக்கிறது, நூல் கோக்கத்தான் கண் தெரிவதில்லை. போன வாரம் ஊருக்குப் போனபோது பத்து ஊசியில் நூல் கோத்து, பழைய காலண்டர் அட்டையில் குத்திவைத்துவிட்டு வந்தேன். அந்தப் பத்தும் தீர்ந்துவிட்டதாம், நேற்று போனில் சொன்னார். சனிக்கிழமை போகிறேன். தொலைந்துபோன போர்வையைப் பற்றி அப்போது சொல்லிவிட வேண்டும்.