பிரிதலும் சேர்தலும்: நிரல் இழைகளின் அறுபதாண்டு வரலாறு

பல்லிழை நிரலாக்கத்தின் வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே எழுதப்படுகிறது. மூல ஆவணங்களைப் படித்தால் வேறொரு வினா தொடர்ந்து எதிர்ப்படுகிறது. இழையைத் தோற்றுவிப்பது எளிது. அது முடியும்வரை பொறுத்திருந்து சேர்த்துக்கொள்ளும் கடமை யாருடையது?

1963இல் மெல்வின் கான்வே, பல்செயலிக் கணினி பற்றிய தம் கட்டுரையில் ஃபோர்க், ஜாயின் என்னும் இரு கட்டளைகளையும் இணையாகவே முன்வைத்தார். அவரது ஏற்பாட்டில் நினைவகத்தில் ஓர் எண்ணி இருக்கும். சேர்விடத்தை அடையும் ஒவ்வொரு கிளையும் அதில் ஒன்றைக் குறைக்கும். எண்ணி சுழியாகாதவரை, வந்த கிளை அங்கேயே முடிந்துவிடும். அதன் செயலி வேறு பணிக்கு விடுவிக்கப்படும். கடைசியாக வருவது மட்டுமே மேலே தொடரும். செயலிகள் அரியவையாக இருந்த காலத்தில், எந்தச் செயலியும் வீணே காத்துக் கிடக்காத ஏற்பாடு அது.

1965இல் டெய்க்ஸ்ட்ரா மற்றொரு வழியைக் காட்டினார். இணையாக இயங்க வேண்டியவற்றை ஒரே தொகுதிக்குள் அடைத்தார். அனைத்தும் முடிந்தாலன்றித் தொகுதி முடியாது. பிரிட்டனின் இன்மோஸ் நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஆக்கம் மொழியின் ‘பார்’ கட்டளை இவ்வழியைச் சேர்ந்தது. அதில் சேர்த்தலை நிரலர் மறக்க வழியே இல்லை. அம்மொழியை மனத்திற்கொண்டு உருவான டிரான்ஸ்பியூட்டர் சில்லுகளைக் கொண்டே, புனேயின் சி-டாக் நிறுவனம் 1991இல் பரம் 8000 மீக்கணினியை உருவாக்கியது.

1995இல் வந்த போசிக்ஸ் இழைத் தரம், தோற்றுவித்தலையும் சேர்த்தலையும் மீண்டும் தனித்தனி அழைப்புகளாக்கி, பொறுப்பை நிரலரிடமே ஒப்படைத்தது. சேர்க்காமலும் துண்டிக்காமலும் விடப்பட்ட இழை, தன் பணி முடிந்த பின்னரும் வளங்களைப் பிடித்துவைத்திருக்கும். 2011இன் சி++ தரம் கடுமை காட்டியது: அத்தகைய இழைப்பொருள் அழியும் கணத்தில் நிரல் முழுவதும் நிறுத்தப்படும். 2020இன் தரமோ, தானே காத்திருந்து சேர்த்துக்கொள்ளும் இழை வகையொன்றை வழங்கியது. தொகுதி வழியின் பாடம் சுற்றிவளைத்துத் திரும்பி வந்தது எனலாம்.

பரம் 8000ஐ அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு நாம் அளித்த மறுமொழியாக நினைவுகூர்வது வழக்கம். அதில் ஓடிய நிரல்களில் பிரிதலும் சேர்தலும் எவ்வாறு எழுதப்பட்டன என்பதும் வரலாறே. அவற்றை எழுதிய தலைமுறையினர் நம்மிடையே இருக்கும்போதே அது பதிவாக வேண்டும். ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்கள் இதனைக் கருத்தில் கொள்க.