2015 பாரிஸ் ஒற்றுமைப் பேரணியில் ஒபாமா பங்கேற்காதது குறித்த விமர்சனம்

2015 ஜனவரி 11 அன்று பாரிஸில் நடந்த ஒற்றுமைப் பேரணிக்கு அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா செல்லவில்லை. துணை அதிபரையோ மூத்த அமைச்சர் ஒருவரையோ அனுப்பவும் இல்லை. இதற்கு எழுந்த கண்டனத்தால் வெள்ளை மாளிகை மறுநாளே தவறை ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

ஜனவரி 7 அன்று பாரிஸில் சார்லி ஹெப்டோ என்ற நையாண்டி இதழின் அலுவலகத்தில் நடந்த தாக்குதலில் 12 பேர் கொல்லப்பட்டனர். அடுத்த இரு நாட்களில் ஒரு பெண் காவலரும், யூத அங்காடி ஒன்றில் நால்வரும் பலியாயினர். இவர்களுக்காக நடந்த பேரணியில் பாரிஸில் மட்டும் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் திரண்டனர். பிரான்ஸ் அதிபர் ஒலாந்துடன் ஜெர்மனியின் மெர்க்கல், பிரிட்டனின் கேமரூன் உள்ளிட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட நாட்டுத் தலைவர்கள் கைகோத்து நடந்தனர். இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுவும் பாலஸ்தீன அதிபர் அப்பாஸும் ஒரே முன்வரிசையில் நின்ற படம் உலக நாளிதழ்களின் முதல் பக்கத்தில் வந்தது. அமெரிக்கா சார்பில் தூதர் ஜேன் ஹார்ட்லி மட்டுமே நடந்தார்.

அன்று வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி குஜராத்தில் முதலீட்டாளர் மாநாட்டில் இருந்தார். சட்ட அமைச்சர் எரிக் ஹோல்டரோ பாரிஸிலேயே இருந்தார். காலையில் உள்துறை அமைச்சர்களின் பாதுகாப்புக் கூட்டத்தில் பங்கேற்ற அவர் பேரணிக்கு மட்டும் வரவில்லை. விமர்சனத்தின் உயிர்நாடி இதுதான்.

செனட்டர் டெட் குரூஸ் போன்ற குடியரசுக் கட்சியினர் கண்டித்ததில் வியப்பில்லை. ஆனால் சிஎன்என் செய்தியாளர் ஜேக் டாப்பரும், அமெரிக்கராகத் தாம் வெட்கப்பட்டதாகவே எழுதினார். உலகத்தையே கைவிட்டுவிட்டீர்கள் என்ற பொருளில் நியூயார்க் டெய்லி நியூஸ் முதல் பக்கத் தலைப்பிட்டது.

ஜனவரி 12 அன்று வெள்ளை மாளிகைச் செய்திச் செயலர் ஜோஷ் எர்னஸ்ட், இன்னும் உயர்நிலையில் உள்ள ஒருவரை அனுப்பியிருக்க வேண்டும் என்றார். அதிபரின் பயணத்துக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்ய அவகாசம் போதவில்லை என்பது அவர் சொன்ன காரணம். திறந்தவெளியில், அத்தனை பெரிய கூட்டத்தில், ஓரிரு நாள் அவகாசத்தில் அது கடினம்தான். ஆனால் தலைவர்கள் நடந்தது கூட்டத்திலிருந்து பிரித்துக் காவலிட்ட ஒரு தெருவில், சிறிது தூரம் மட்டுமே. ஒபாமா வராததற்கு அந்தக் காரணம் ஓரளவு பொருந்தலாம்; ஊரிலேயே இருந்த ஹோல்டர் வராததற்குச் சிறிதும் பொருந்தாது.

ஒபாமா துயரில் பங்குகொள்ளவே இல்லை என்பதும் சரியன்று. ஜனவரி 8 அன்றே வாஷிங்டனில் உள்ள பிரெஞ்சுத் தூதரகத்துக்குச் சென்று இரங்கல் ஏட்டில் எழுதினார். கெர்ரி விமர்சனத்தை அற்பக் குறைகாணல் என்று ஒதுக்கினாலும், அதே வாரம் பாரிஸ் சென்று மலரஞ்சலி செலுத்தினார். உடன் சென்ற பாடகர் ஜேம்ஸ் டெய்லர் நகர மன்றத்தில் நட்பைப் பற்றிய தம் புகழ்பெற்ற பாடலைப் பாடினார். தாமதமாகச் செய்த பரிகாரமாகவே பலர் இதைப் பார்த்தனர்.

அம்மாத இறுதியில் சவுதி மன்னர் அப்துல்லாவின் மறைவுக்கு இரங்கல் தெரிவிக்க, ஒபாமா இந்தியப் பயணத்தைச் சுருக்கிக்கொண்டு ரியாத் சென்றபோது, பாரிஸ் பேரணிக்குச் செல்லாத குறை மீண்டும் பேசப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 13 அன்று பாரிஸில் நடந்த தாக்குதலுக்குப் பின், பருவநிலை மாநாட்டுக்காக அங்கு இறங்கியதும் ஒபாமா நேராகத் தாக்குதலுக்கு உள்ளான பத்தக்லான் அரங்குக்குச் சென்று, ஒலாந்துடன் நின்று மலர் வைத்தார்.